47 வயதில் டயட்டீஷியனிடம் போவது தண்டச் செலவா?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரியா பாருங்கள். வயது 47. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. கல்யாணத்தின்போது 52 இருந்தீர்கள். மூன்று வருடம் முன்பு யூடியூப் பார்த்து பேலியோ (அரிசி, கோதுமை எல்லாம் விட்ட உணவுமுறை) இருந்து, நாலு மாதத்தில் 9 கிலோ குறைத்தீர்கள். ஒன்றரை வருடத்தில் அது 11 கிலோவாகத் திரும்பி வந்துவிட்டது. மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது, தைராய்டு மாத்திரை போடுகிறீர்கள், சர்க்கரை ‘பார்டர்’ என்று டாக்டர் சொல்லி, டயட்டீஷியனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரோ, “ஒரு சார்ட்டைக் கொடுத்துக் காசு வாங்கப் போறாங்க, அதுதான் போன்லயே கிடக்குதே, இந்த வயசுக்கு மேல குறையவா போகுது” என்கிறார். போகலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி. ஆனால் கடைசி வரியில், “மறுபடி தோத்துட்டா அந்த மேடம் முகத்துல எப்படி முழிக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் அந்தச் சார்ட் கொடுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். மதுரையில் 24 வருடமாக டயட்டீஷியன். முதலில் ஒரு மருத்துவமனையில், இப்போது தனியாக. டாக்டர் இல்லை. உங்கள் ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்கவும் இல்லை. அதனால் ‘இதைச் சாப்பிடுங்கள், அதை விடுங்கள்’ என்று இங்கே பட்டியல் போட மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஜெராக்ஸ் போட்ட சார்ட்டைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். 1200 கலோரி, 1500 கலோரி என்று இரண்டு கட்டு மேஜை டிராயரில் இருக்கும். எடையைப் பார்ப்பேன், ஒன்றை உருவிக் கொடுப்பேன். ஒரு அம்மா மூன்று மாதம் கழித்து ஒரு கிலோ கூடி வந்தார். விசாரித்தால், சார்ட்டில் ‘ஆப்பிள் 1’ என்று இருந்ததால் வழக்கமான சாப்பாடு எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, மேற்கொண்டு தினம் ஒரு ஆப்பிளையும் சாப்பிட்டிருக்கிறார். அந்தச் சம்பளத்தில் ஆப்பிள் வாங்க என்ன பாடுபட்டாரோ. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாதிரிச் சார்ட்டுக்குக் காசு கொடுக்கப் போவதென்றால் போகவே வேண்டாம். அது போனிலேயே கிடைக்கிறது என்பது சரிதான்.

இந்த வயதில் குறையுமா என்பதற்கு வருவோம். குறையும். ‘நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். 2021-ல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயதுக் கிழவர் வரை, 29 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடைய உடல் ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று அளந்தார்கள். உடம்பின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது. அறுபதுக்கு மேல்தான் மெல்ல இறங்குகிறது. அப்படியானால் நடுவயதில் எடை ஏறுவது எதனால்? தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நடமாட்டம் குறைகிறது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் தொடையில், இடுப்பில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. தூக்கம் கெடுகிறது. அப்புறம், கையில் காசு வந்து, சாப்பாடும் நமக்குத் தெரியாமலே ஏறியிருக்கிறது. இதில் ஹார்மோனுக்கு எத்தனை பங்கு, மற்றதற்கு எத்தனை என்று உங்கள் ஒருவருக்கு மட்டும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

‘நமக்குத் தெரியாமலே’ என்று சொன்னேனே, அங்கேதான் ஒரு நல்ல டயட்டீஷியனின் வேலை தொடங்குகிறது. போன வருடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வயது 51. “மேடம், எண்ணெய் கண்ணுலயே காட்டறதில்ல, ஒரு கரண்டிதான்” என்றார். எந்தக் கரண்டி என்று கேட்டேன். அடுத்த முறை வரும்போது கைப்பையில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்: நல்ல ஆழமான குழிக்கரண்டி. சரி, கரண்டிக் கணக்கு வேண்டாம், மாத மளிகைச் சிட்டையைக் காட்டுங்கள் என்றேன். சன்பிளவர் எண்ணெய் 5 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர், வீட்டில் நாலு பேர். ஆறு லிட்டர் என்றால் சுமார் ஐந்தரை கிலோ. நாலு பேருக்கு, முப்பது நாளைக்கு வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 கிராம். கிராமுக்கு 9 கலோரி, ஆக நானூறு கலோரிக்கு மேல் எண்ணெயிலேயே போகிறது. ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி கொண்ட ஒரு நாள் சாப்பாட்டுக்குச் சொல்வது 27 கிராம். அந்தக் கணக்கில் நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும். அவர் வேறு எதையுமே மாற்றவில்லை. மாதம் பிறந்ததும் மூன்றரை லிட்டரைத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிடுவார், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் வீட்டில் அவியலும் இட்லியுமாக ஓடியது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் மூன்று மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தது.

அவர் பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள். 1992-ல் நியூயார்க்கில், ‘குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவே மாட்டேன் என்கிறது’ என்று சொன்ன பத்துப் பேரை வைத்து ஆராய்ந்தார்கள். சின்னக் கூட்டம்தான். ஆனாலும் அவர்கள் உண்மையில் சாப்பிட்டதில் கிட்டத்தட்டப் பாதி அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கில் வரவே இல்லை. அவர்களுடைய மெட்டபாலிசத்திலும் கோளாறு இல்லை. எழுதுபவர் டயட்டீஷியனாக இருந்தாலும் இதே கதைதான். என் கணக்கில் மாலை நாலரை மணி முறுக்கு எப்போதும் விட்டுப்போகும். நம் வீட்டுப் பெண்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு: பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசை, பாத்திரம் கழுவப் போடுமுன் வழித்துச் சாப்பிடும் சாதம், உப்புப் பார்க்கிற சாக்கில் இரண்டு வாய். “வீணாப் போயிடுமேன்னு” சாப்பிடுவதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது பருப்பும் முட்டையும். நம் நாட்டுச் சாப்பாட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ (INDIAB) என்ற ஆய்வு சொல்கிறது. நம் பக்கம் அது அரிசி. காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை: மூன்றும் ஒரே மூட்டையிலிருந்து வந்தவை. புரதத்துக்கு ஐசிஎம்ஆர் சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்குச் சுமார் 60 கிராம் வரும். இரண்டு முட்டையில் 12, அரை ஆழாக்கு கொண்டைக்கடலை சுண்டலில் ஒரு 15, 200 கிராம் தயிரில் 6, மீன் இருந்தால் 100 கிராமில் 20. பெரும்பாலான வீடுகளில் மதியச் சாம்பாரில் பருப்பு அடியிலும் தண்ணீர் மேலேயும் நிற்கும். வீட்டம்மா கடைசியாகச் சாப்பிடும்போது அடியும் இருக்காது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். போதுமான புரதமும் தசைக்குக் கொஞ்சம் பாரமும் கொடுத்தால் அந்த இழப்பு குறையும். இது எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். பாரம் என்றால் ஜிம்முக்குப் போக வேண்டும் என்றில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். அதிலேயே தெரிந்துவிடும், தொடையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று. முட்டி வலி இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள்.

பேலியோவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அதற்கு எதிரி இல்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துக் கையிருப்பு கரையும், அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போகும். முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் பார்த்த மூன்று நாலு கிலோவில் பெரும்பகுதி அதுதான். மிச்சம் நிஜமாகவே குறைந்தது. 2018-ல் ஸ்டான்போர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்புக் குறைத்த உணவு, மறு பாதிக்கு மாவுச்சத்துக் குறைத்த உணவு என்று ஒரு வருடம் பார்த்தார்கள். சராசரியாக முதல் கூட்டம் 5.3 கிலோ, இரண்டாம் கூட்டம் 6 கிலோ. இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் இருபது கிலோவுக்கு மேல் குறைத்தவரும் இருந்தார், எடை கூடியவரும் இருந்தார். எந்த முறை என்பதைவிட, அதை எவ்வளவு நாள் உங்களால் இழுக்க முடிகிறது என்பதுதான் கேள்வி. நாலு மாதம் வீட்டில் எல்லோருக்கும் தோசை சுட்டுவிட்டு நீங்கள் மட்டும் பாதாமைக் கொறித்துக்கொண்டிருந்தீர்கள். அது நின்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, நாலு மாதம் தாக்குப்பிடித்ததில்தான் ஆச்சரியம்.

மற்ற சந்தேகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைவெளி விட்டுச் சாப்பிடும் முறை, அதாவது 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடுவது, சிலருக்கு வசதி. இரவு பத்து மணிச் சாப்பாட்டை அது நிறுத்துகிறது என்றால் நல்லது. ஆனால் அதே அளவு கலோரியைச் சாதாரணமாகக் குறைத்தவர்களைவிட அதில் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. சாமை, வரகில் நார்ச்சத்து கூடுதல். கலோரி கிட்டத்தட்ட அரிசி அளவேதான், ஆகவே அளவு பார்க்காமல் சாப்பிட்டால் எடையில் ஒன்றும் நடக்காது. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதை எல்லோரும் என்னிடம் சொல்லிக் காட்டுவார்கள். கொள்ளில் புரதம் நன்றாக இருக்கிறது, வயிறு நிறையும், ரசம் வையுங்கள், துவையல் அரையுங்கள். அது கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு மட்டும் என்னிடம் ஆதாரம் கேட்காதீர்கள்.

எவ்வளவு குறைந்தால் போதும்? 52 கிலோவை மறந்துவிடுங்கள். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, இப்போது 29.6; இந்தியர்களுக்கு 25-க்கு மேலேயே பருமன் என்று கணக்கு. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். இதையெல்லாம் படித்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் சர்க்கரை பார்டரில் இருந்தவர்களை வைத்து நடந்து 2002-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், குறி 7 சதவீதம் எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும்தான். அதற்கே சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நமக்கு நெருக்கமானது. 531 பேர், சராசரி வயது ஏறக்குறைய உங்கள் வயதுதான். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை என்பதுதான் இதில் விசேஷம். மெஷின் முள் நகராத மாதத்திலும் உள்ளே ஏதோ நல்லது நடந்துகொண்டிருக்கலாம் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதை வைத்துத்தான்.

யாரிடம் போவது? நம் நாட்டில் ‘டயட்டீஷியன்’ என்று போர்டு மாட்டுவது ரொம்ப நாளாக யாருக்கும் சுலபம். 2021-ல்தான் இந்தத் துறையையும் சேர்த்து ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும்: ஊட்டச்சத்து, உணவியல் படிப்பில் பட்டமேற்படிப்பா, மருத்துவமனையில் பயிற்சி எடுத்திருக்கிறாரா, இந்திய உணவியல் சங்கத்தின் ‘ஆர்டி’ (ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன்) பதிவு உண்டா. ஆர்டி இல்லாத நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கேட்பதில் தப்பில்லை. அதைவிட முக்கியம், முதல் நாள் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பது. மாத்திரைகள் என்னென்ன, எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், யார் சமைக்கிறார்கள், மாவு அரைப்பது எந்தக் கிழமை, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, குறட்டை உண்டா, முன்பு என்ன முயன்றீர்கள், ஏன் நின்றது. இதைக் கேட்கவே முக்கால் மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் சார்ட்டை நீட்டினால், ஒரு டப்பா பவுடரையும் சேர்த்து விற்றால், முப்பது நாளில் பத்துக் கிலோ என்று உத்தரவாதம் கொடுத்தால், எழுந்து வந்துவிடுங்கள். மூலிகை என்று விற்கப்படும் எடைக்குறைப்பு மருந்துகளில், இதயத்துக்குக் கெடுதல் என்று 2010-லேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்தைக் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. காசு ஒரு தடையென்றால், பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயட்டீஷியன் உண்டு. கூட்டம் இருக்கும், முக்கால் மணி நேரம் கிடைக்காது, ஆனால் படித்தவர்கள். ஒரே ஒருமுறை பார்ப்பதற்கென்றால் தனியாரிடம் போகவே வேண்டாம். நாலைந்து முறையாவது திரும்பப் போய்ப் பார்க்க முடியுமென்றால்தான் அந்தக் காசுக்கு மதிப்பு. பலன் முக்கால்வாசி இரண்டாம் முறைக்குப் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும்.

போகும்போது ரத்த ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, மளிகைச் சிட்டை, மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் எடுத்துப் போங்கள். அந்த மூன்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். தைராய்டால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) சரியாக இருந்தால், கல்யாணத்துக்குப் பிறகு ஏறிய 22 கிலோவுக்கும் தைராய்டைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் சரியாக வேலை செய்யாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. இதைச் சொன்னதுமே “ஐயோ” என்பவர்கள் என்னிடம் வாரம் ஒருவராவது வருகிறார்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது சர்க்கரைக்குக் கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்காதீர்கள். சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இப்போது எல்லோரும் கேட்கும் எடைக்குறைப்பு ஊசிகள் வேலை செய்கின்றன, அதில் சந்தேகமில்லை. வேண்டுமா என்பது டாக்டர் முடிவு. போட்டாலும் பசி அடங்கிப்போய் புரதம் விட்டுப்போகும், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். அதனால் அங்கேயும் என்னைப் போன்ற ஒருத்தி தேவைப்படுகிறாள்.

இனி அந்தக் கடைசி வரி. மறுபடி எடை ஏறி வந்தவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. பெரும்பாலும் அவர்கள் ஒரு கல்யாணம், ஒரு சாவு, மாமியாரின் எலும்பு முறிவு, பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு, இப்படி ஏதோ ஒன்றைத் தாண்டி வந்திருப்பார்கள். எனக்குக் கஷ்டம், எடை ஏறியதும் வெட்கப்பட்டு வராமலே போய்விடுகிறவர்களால்தான். இரண்டு கிலோ ஏறும்போது வந்தால் எங்கே நழுவியது என்று கண்டுபிடித்துவிடலாம். பதினொன்று ஏறிய பிறகு வந்தால் எனக்கும் வேலை கூடுதல். நீங்கள் போகப்போகிற டயட்டீஷியன் உங்களைத் திட்டினால், எல்லோர் முன்னாலும் எடையைச் சத்தமாகப் படித்தால், வேறு ஒருவரைப் பாருங்கள். அது உங்கள் தோல்வி ஆகாது.

வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சமையல், உங்களுக்குத் தனிச் சமையல் என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலைக்கும் போய்க்கொண்டு இரண்டு அடுப்புச் சமையல் ஆறு வாரத்துக்கு மேல் நடந்து நான் பார்த்ததில்லை. அதே சாம்பார், பருப்பு மட்டும் ஒரு பிடி கூட; அதே பொரியல், உங்கள் தட்டில் இரண்டு மடங்கு; அதே சாதம், உங்களுக்கு ஒரு கரண்டி குறைவு. அந்தக் கரண்டி எது என்பதை முதல் நாளே கைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். முடிந்தால் வீட்டுக்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய இடுப்பு எத்தனை சென்டிமீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்களுக்குக் கணக்கு 90.